பவானி மேடத்தின் விலா எலும்பு

ஒன்பதுக்கு எட்டு என்று டாக்டர் பிரியதர்ஷினி சொன்னதும் அன்பரசனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும் அவன் அப்படி மார்க் வாங்கியவனில்லை. அவன் வாங்காவிட்டால் என்ன, அவன் கையில் இருக்கும் நாய் வாங்கிவிட்டதே. ஒடுகத்தூரில் இருக்கும் பெண்டாட்டி செவ்வந்திக்குச் சேதி சொல்ல உடனே போனை எடுத்தான். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

“யாருக்கு போன்?”

“வூட்டுக்கு மேடம். எட்டு மார்க்குன்னு சொல்லலாம்னு.”

“அன்பரசன், இது மார்க் இல்ல. ஒண்ணுன்னா எலும்பும் தோலும். ஒன்பதுன்னா மூட்டை. நமக்கு வேண்டியது அஞ்சு. உங்க பவானி மூட்டையாக இன்னும் ஒரு படிதான் பாக்கி.”

அன்பரசன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

பவானி வனத்துறையின் மோப்ப நாய். லாப்ரடார் வகை, தேன் நிறம், ஐந்து வயது. ஜவ்வாது மலையில் சந்தனக்கட்டையை யார் எங்கே ஒளித்து வைத்தாலும் மோந்து பிடித்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். குரைக்க மாட்டாள், கடிக்க மாட்டாள், உட்காருவதோடு சரி. மீதியை அதிகாரிகள் பார்த்துக்கொள்ள வேண்டும். அவளைக் கையாளும் வேலை நான்கு வருஷமாக அன்பரசனுடையது. அவனுக்கு வயது நாற்பத்தொன்று, பிள்ளைகள் இல்லை, அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. பவானியைப் பற்றிக் கேட்டால் மட்டும் பஸ்ஸை விட்டுவிட்டுக்கூடப் பேசுவான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலூரிலிருந்து டாக்டர் வந்து, அமிர்தியில் ஒரு மைதானத்தில் வைத்துப் பவானியின் உடம்பைச் சோதிப்பார். எடை பார்ப்பார். விலாவைத் தடவுவார். கட்டைத் தடுப்புகளைத் தாண்ட வைப்பார். இரண்டு கிலோமீட்டர் ஓட வைத்து, இதயத் துடிப்பு எத்தனை நிமிஷத்தில் அடங்குகிறது என்று எண்ணுவார். கடைசியில், ஓடிக் களைத்த மூக்கு மோப்பம் பிடிக்கிறதா என்று பார்ப்பார். அந்த அக்டோபர் மாதச் சோதனையில் பவானியின் எடை முப்பத்தாறு கிலோ நானூறு கிராம். இருக்க வேண்டியது முப்பத்து மூன்று. தடுப்புக் கட்டையை அவள் தாண்டவில்லை, மரியாதையாகச் சுற்றிக்கொண்டு வந்து அந்தப் பக்கம் நின்றாள். ஓட்டத்தில் ஆயிரம் மீட்டர் போனதும் ஒரு புங்கமர நிழலைப் பார்த்துப் படுத்துவிட்டாள். அன்பரசன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான், கொஞ்சினான், ஒரு கட்டத்தில் கும்பிட்டும் பார்த்தான். அவள் அவன் கையை நக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“உங்க கையோட பின்பக்கத்தைத் தடவிப் பாருங்க,” என்றார் டாக்டர். “எலும்பு தட்டுதா? விலா அப்படித் தட்டணும். இப்ப உள்ளங்கையில கட்டைவிரலுக்குக் கீழ இருக்கிற மேட்டைத் தடவுங்க. பவானி விலா இப்ப இப்படி இருக்கு. ஜனவரி ரெண்டாவது வாரம் மறுபடி வருவேன். நாயும் ஆளும் ஒரே கயித்துல பதினாலு நிமிஷத்துல கோட்டைத் தாண்டணும். ரெண்டு பேர்ல யார் நின்னாலும் தேறல. தேறலன்னா நான் எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுவேன். அப்புறம் பவானி உங்ககிட்ட இருக்க மாட்டா.”

“எங்க மேடம் போவா?”

“வேலைக்கு ஆகலைன்னா வேலூர்ல யாராவது வீட்டுக்குக் கொடுப்பாங்க. உங்களை செக்போஸ்ட்டுக்கு மாத்துவாங்க.”

அன்றைக்கு அன்பரசனுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை, கடைசியும் அதுதான்.

மறுநாளே கண்டிப்பு ஆரம்பமானது. அரசு தரும் மூட்டைத் தீனியைத் தராசில் வைத்து நிறுத்துப் போட்டான். தினமும் ஆறு கிலோமீட்டர் நடை. ஜமீன்தார் வீட்டுப் பந்தயக் குதிரைக்குக்கூட அவ்வளவு கவனிப்பு இருந்திருக்காது. ஒரு மாதம் கழித்து எடை பார்த்தால் முப்பத்தேழு கிலோ இருநூறு. தராசு கெட்டுவிட்டது என்று அவன் தானே ஏறி நின்று பார்த்தான். தராசு நன்றாகத்தான் இருந்தது.

கோளாறு தராசில் இல்லை, அத்திக்கொல்லையில் இருந்தது. அமிர்தியிலிருந்து மலை ஏறினால் வரும் சிற்றூர் அது. பதினொரு வீடுகள், ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில், ஒன்று மேட்டிலும் ஒன்று பள்ளத்திலுமாகச் சிதறிக் கிடக்கும். நடுவில் சாமைக் கொல்லைகள், புளிய மரங்கள். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வேலையாக வந்த யாரையும் வாய் நனைக்காமல் அனுப்ப மாட்டார்கள். கணக்கெடுக்க வருகிறவர், ஊசி போட வருகிறவர், கரண்டு பார்க்க வருகிறவர் எல்லோருக்கும் சாமைச் சோறோ களியோ உண்டு. அந்த ஊரைப் பொறுத்தவரை பவானியும் வேலையாக வருகிறவள். கழுத்தில் நம்பர் பட்டை இருக்கிறது, ஜீப்பில் வருகிறாள். பின்னே அதிகாரி இல்லாமல் என்ன? பிள்ளைகள் அவளை பவானி மேடம் என்றுதான் சொல்லும்.

அதற்கு மேல் ஒரு நன்றிக்கடனும் இருந்தது. போன வருஷம் அந்த ஊர் ரங்கன் ஒடுகத்தூர் சந்தைக்குப் போய்விட்டுக் குறுக்கு வழியில் திரும்பும்போது ஓடைப் பள்ளத்தில் விழுந்து கால் ஒடிந்து கிடந்தான். ஒரு ராத்திரியும் ஒரு பகலும் யாருக்கும் தெரியவில்லை. ரோந்து போன பவானி நேராகப் பள்ளத்தில் இறங்கி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ரங்கனின் பையில் பெண்டாட்டிக்கு வாங்கிய சந்தன சோப்பு இரண்டு இருந்தது. அவள் பிடித்தது சோப்பைத்தான் என்று அன்பரசனுக்குத் தெரியும். ரங்கனோ, உயிர் போகிற வலியிலும், “சார், சோப்புக்கு பில்லு இருக்குது சார்,” என்று சொல்லிக்கொண்டே ஜீப்பில் ஏறினான்.

ரங்கனின் பெண்டாட்டி அம்மாக்கண்ணுவுக்கு அந்த சோப்புக் கதையெல்லாம் தேவைப்படவில்லை. புருஷனைக் காப்பாற்றியவள் பவானி, அவ்வளவுதான். ஊரில் அம்மாக்கண்ணு சொன்னால் சொன்னதுதான். உழவு மாடு வாங்கப் போகிறவர்கள் அவளைத்தான் சந்தைக்குக் கூட்டிப்போவார்கள். பல்லைப் பார்த்து, குளம்பைப் பார்த்து, முதுகைத் தட்டி, இந்த மாடு இந்த மேட்டில் எத்தனை நாள் ஏர் இழுக்கும் என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் தினமும் பவானிக்கு ஒரு கிண்ணம் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். அன்பரசன் ஒரு வீட்டில் ரோந்துப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கும் நேரத்தில் பவானி மூன்று வீட்டில் கை நனைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி வந்து நின்றாள்.

விஷயம் தெரிந்ததும் அன்பரசன் அம்மாக்கண்ணு வீட்டு வாசலிலேயே நின்று சத்தம் போட்டான்.

“இனிமே யாரும் பவானிக்கு ஒரு பருக்கை போடக்கூடாது. இது ஆர்டர்.”

“வேலைக்கு வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்பறதா? இன்னா சார் பேசறீங்க?” என்றாள் அம்மாக்கண்ணு.

“அவளுக்குத் தீனி நான் போடறேங்க்கா. நிறுத்துப் போடறேன்.”

“எங்க, காட்டுங்க அத.”

அன்பரசன் பையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துக் காட்டினான். காய்ந்த பழுப்பு உருண்டைகள். அம்மாக்கண்ணு ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள், பல்லில் வைத்துக் கடித்தாள், துப்பினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அன்பரசன் மீதியைப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஆனால் ஆர்டர் போட்ட பிறகு எப்படித் திரும்ப வாங்குவது? விறைப்பாகக் கிளம்பி வந்துவிட்டான்.

நான்காம் நாள் ரேஞ்சர் ஆபீசில் ஒரு மனு வந்து இறங்கியது. ஊரில் குட்டியானை வண்டி ஓட்டும் சின்னராஜ் எழுதியது. குட்டியானை என்பது எல்லோரும் ஏறிப் போகும் சின்ன லாரி. சின்னராஜ் பத்தாவது வரை படித்தவன். பத்திர ஆபீசில் கேட்ட வார்த்தைகளை வீணாக்கக் கூடாது என்று நினைக்கிறவன். “மேற்படி பவானி மேடம் அவர்கள் எங்கள் ஊருக்குப் பலவகையிலும் சேவை செய்துவரும் நிலையில், மேற்படி அன்பரசன் என்பவர் அன்னாருக்கு அரசு வழங்கும் உணவைத் தாமே உட்கொண்டு, அன்னாருக்கு மரத்தூள் உருண்டை போன்ற ஏதோ ஒன்றைக் கொடுத்து வருவதாகச் சந்தேகிக்கிறோம். மேற்படியார் நாளுக்கு நாள் தடித்தும் மேடம் அவர்கள் நாளுக்கு நாள் வாடியும் வருவதை ஊரார் அனைவரும் கண்ணால் கண்டோம்.” கீழே பதினொரு வீட்டாரின் கையெழுத்தும் கைநாட்டும். பன்னிரண்டாவதாக, மை தொட்டு வைத்த ஒரு நாய்க் கால் தடம்.

ரேஞ்சர் அந்தக் கால் தடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

விசாரணை அத்திக்கொல்லைப் புளியமரத்தடியில் நடந்தது. பதினொரு வீட்டாரும் ஒரு பக்கம், அன்பரசன் ஒரு பக்கம். பவானி மட்டும் நடுவில் படுத்து இரண்டு பக்கமும் வாலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அன்பரசனுக்கு அழுகை முட்டியது. உலகத்தில் அவன் மேல் ஆயிரம் பழி சொல்லலாம், சோம்பேறி என்று சொல்லலாம், செவ்வந்தி தினமும் சொல்கிறாள். பவானியின் தீனியைத் தின்றான் என்று சொன்னால் பொறுக்குமா?

“யக்கா,” என்றான் அம்மாக்கண்ணுவைப் பார்த்து. “நீ மாடு பாக்கறவ. நான் ஒண்ணும் சொல்லல. உன் கையால நீயே தடவிப் பாரு.”

அம்மாக்கண்ணு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பவானியின் பக்கத்தில் குந்தினாள். முதலில் முதுகெலும்பைத் தொட்டாள். பிறகு விரல்களை விரித்து விலாவில் வைத்தாள். தடவினாள். அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். ஊரே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“விலா எங்க காணோம்?”

“அதத்தான் டாக்டரும் கேக்கறாங்க.”

அம்மாக்கண்ணு எழுந்து நின்று பவானியை மேலிருந்து பார்த்தாள். சுற்றி வந்து பின்னாலிருந்து பார்த்தாள். சந்தையில் தரகன் ஏமாற்றப் பார்க்கும்போது வருகிற கோபம் அவள் முகத்தில் வந்தது. இந்தத் தடவை ஏமாந்தது அவள் கண்ணே என்பதால் கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

“இது உழவு மாடா இருந்தா நான் கயித்தத் தொட மாட்டேன்,” என்றாள். “இடுப்பே இல்ல. இந்த உடம்ப வெச்சிக்கினு மேடு ஏறினா நெஞ்சு அடைக்கும். பாவி, நாந்தான் ஊட்டி ஊட்டி இப்படிப் பண்ணிட்டேனா?”

“தேறலன்னா பவானிய என்கிட்டருந்து தூக்கிடுவாங்கக்கா. வேலூர்ல எவன் வூட்லயோ கட்டிப் போட்ருவாங்க. அவ இல்லாம எனக்கு இந்த மலையில இன்னா வேலை?”

இதைச் சொல்லிக்கொண்டே அவன் பவானியின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டான். சின்னராஜ் தன் மனுவைப் பார்க்கப் பிடிக்காமல் புளியமரத்தைப் பார்த்தான். ரேஞ்சர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இனி ஊரார் நாய்க்கு எதுவும் போட வேண்டாம் என்று தீர்ப்பு சொல்லப் போனார். அம்மாக்கண்ணு விடவில்லை.

“அது எப்படிங்க? வூட்டுக்கு வந்தவள வெறும் வயித்தோட அனுப்ப மாட்டோம். அதுல மாத்தம் இல்ல. ஆனா இவ்ளோதான் போடணும்னு சொல்லுங்க, அவ்ளோதான் போடுவோம்.”

அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டார்கள். அரை மணி நேரம் பேசி ஒரு முடிவு வந்தது. காலையில் மூட்டைத் தீனியில் பாதி. மீதிப் பாதிக்குப் பதில் பதினொரு வீட்டிலும் வேகவைத்த சாமையும் கொள்ளும். உப்பு கூடாது, மிளகாய் கூடாது, வெங்காயம் கூடவே கூடாது. வீட்டுக்கு ஓர் எலுமிச்சம்பழ அளவு உருண்டை, அதற்கு மேல் ஒரு பருக்கை கிடையாது. அம்மாக்கண்ணு அதில் தன் பங்கையும் சேர்த்தாள். வரிசையாகப் பக்கத்துப் பக்கத்து வீட்டில் போடக்கூடாது. மேட்டு வீட்டில் ஒன்று போட்டால் அடுத்தது பள்ளத்து வீட்டில், அதற்கடுத்தது மறுபடி மேட்டில்.

“தின்னணும்னா ஏறி வரட்டும்,” என்றாள். “நாங்க மட்டும் ஏறி இறங்காமலா துன்றோம்?”

இப்படித்தான் பவானியின் உடற்பயிற்சி ஆரம்பமானது. காலை எட்டு மணிக்கு அம்மாக்கண்ணு வீட்டில் முதல் உருண்டை. அதை விழுங்கியதும் எதிர்மேட்டிலிருந்து சின்னராஜின் பெண்டாட்டி தேவி, “ஓ பவானீ” என்று நீட்டிக் குரல் கொடுப்பாள். பவானி பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, மேடேறிப் போவாள். ஒரே வாய், அவ்வளவுதான். உடனே கீழேயிருந்து பள்ளத்து வீட்டுக் கலைவாணியின் குரல் வரும். அங்கே ஓடுவாள். சாமைக் கொல்லை வேலிக்கட்டையை முதலில் சுற்றிப் போனவள், மூன்றாம் வாரம் தாண்டிப் போனாள். பதினொரு வீடும் முடிய ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். சாயங்காலம் ரோந்து தனி. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மாக்கண்ணு விலாவைத் தடவி, ஊரார் முன்னால் நிலவரம் சொல்வாள். “இன்னிக்கு ரெண்டு எலும்பு கெடச்சிது” என்று அவள் சொன்ன வாரம் சின்னராஜ் பட்டாசு வெடித்தான். பவானி கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது, அன்பரசன் விஷயத்தைத் தவிர. முதல் வாரம் அவனும் அவள் பின்னாலேயே பதினொரு வீடும் ஏறி இறங்கினான். இரண்டாம் வாரம் பவானிக்கு வழி மனப்பாடமாகிவிட்டது. குரல் கேட்டால் தானே ஓடுகிறாள், பின்னால் எதற்கு ஓர் ஆள் என்று அவனுக்குத் தோன்றியது. அம்மாக்கண்ணு வீட்டு முற்றத்தில் பலாமரத்தடியில் ஒரு கட்டில் இருந்தது. அவள் முற்றத்திலிருந்து பார்த்தால் பதினொரு வீடும் தெரியும். ஆகவே மேற்பார்வைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மேற்பார்வை பார்க்கிறவனை வெறும் வயிற்றோடு உட்கார வைக்க முடியுமா? அந்த வழக்கம்தான் இருக்கிறதே. களி வந்தது, கருவாட்டுக் குழம்பு வந்தது. பவானிக்குப் போடாமல் மிச்சமானதெல்லாம் அவனுக்கு வந்தது என்று சொன்னாலும் தப்பில்லை. நன்றியும் பாசமும் போக வேறு வழி வேண்டுமே. முன்னே மனு போட்டு மனசைப் புண்படுத்திவிட்டோமே என்ற வருத்தம் வேறு ஊருக்கு இருந்தது, ஆகவே சின்னராஜ் நாட்டுக்கோழி முட்டையும் கலைவாணி தேனும் கொண்டுவந்தார்கள். டிசம்பர் கடைசியில் அன்பரசன் பெல்ட்டில் ஆணியால் ஒரு புது ஓட்டை போட்டான். அவன் உடம்பைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அவனும் படவில்லை. ஓடப்போவது பவானி என்றே அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

ஜனவரி இரண்டாவது வாரம் வந்தது. பரீட்சை நாளன்று காலை அமிர்தி மைதானத்துக்குப் பக்கத்தில் சின்னராஜின் குட்டியானை வந்து நின்றது. உள்ளேயிருந்து அத்திக்கொல்லை இறங்கியது. ரங்கன் ஊன்றுகோலோடு இறங்கினான், கடைசியாக அம்மாக்கண்ணு தலையில் ஒரு மூடிய பானையோடு இறங்கினாள். டாக்டர் அவர்களை வேடிக்கையாகப் பார்த்துவிட்டுத் தராசைப் பார்த்தார். முப்பத்து மூன்று கிலோ, மேலே கீழே ஒரு கிராம் இல்லை. விலாவைத் தடவினார், மேலிருந்து இடுப்பைப் பார்த்தார்.

“அஞ்சு,” என்றார். “யார் பயிற்சி கொடுத்தது?”

அன்பரசன் அடக்கமாகச் சிரித்தான். அம்மாக்கண்ணு அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

தடுப்புகளைப் பவானி வேலிக்கட்டை தாண்டுவது மாதிரி தாண்டினாள். அடுத்தது ஓட்டம். மைதானத்தை ஐந்து சுற்று. டாக்டர் விசிலை ஊத, அன்பரசன் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு கிளம்பினான். முதல் சுற்று கம்பீரமாக ஓடினான். இரண்டாம் சுற்றில் தொப்பை தனியாக ஓட ஆரம்பித்தது. மூன்றாம் சுற்றில் வாய் திறந்தது, மூடவில்லை. நாலாம் சுற்று பாதியில், அதே புங்கமரம் வந்தது. அதன் நிழலில் ஒரு கல் இருந்தது. அன்பரசன் அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

போன தடவை அவன் நின்று கெஞ்சினான், பவானி படுத்துக் கிடந்தாள். இந்தத் தடவை அவள் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். திரும்பி வந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

அப்போதுதான் அன்பரசனுக்கு உறைத்தது. மூட்டையாக இருந்திருந்தால் அவளை யாருக்கோ கொடுத்திருப்பார்கள். இப்போது இவ்வளவு நல்ல நாயை யாரும் வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். இருபத்தைந்து வயதில் ஒரு பையன் வருவான், ஓடுகிற பையன், அவன் கையில் இந்தக் கயிற்றைக் கொடுப்பார்கள். ரெண்டு பேர்ல யார் நின்னாலும் தேறல. டாக்டர் சொன்னது அவன் காதில் விழுந்துதான் இருந்தது. அந்த ரெண்டு பேரில் தானும் ஒருவன் என்று மூன்று மாதமாக ஒரு நாளும் நினைக்கவில்லை.

“எந்திரிக்க முடியலம்மா,” என்றான் பவானியிடம். “நாந்தான் உன்ன கெடுத்துட்டேன். உன்ன வுட்டுட்டு நான் எங்க போவேன்?” கண்ணீரும் வியர்வையும் சேர்ந்து வழிந்தது. டாக்டரின் கையில் ஓடிய கடிகாரத்தில் நாலேகால் நிமிஷம் பாக்கி இருந்தது.

மைதானத்தின் எதிர்மூலையில் அம்மாக்கண்ணு பானையைக் கீழே வைத்தாள். சின்னராஜிடம் ஏதோ சொன்னாள், தேவியைப் பிடித்துத் தள்ளினாள். பதினொரு வீட்டாரும் மைதானத்தின் வெளி ஓரமாக, அங்கொருவரும் இங்கொருவருமாகச் சிதறினார்கள். ஊரில் வீடுகள் எப்படி இருக்குமோ அப்படி, கூப்பிடு தூரம் விட்டு விட்டு நின்றார்கள். பிறகு அம்மாக்கண்ணு இரண்டு கையையும் வாயருகே குவித்தாள்.

“ஓ பவானீ.”

பவானியின் காது நிமிர்ந்தது. மூன்றாவது விநாடி அவள் பாய்ந்தாள். கயிறு அன்பரசனின் கையில் இரண்டு சுற்று சுற்றியிருந்தது, ஆகவே அவனும் பாய்ந்தான். வேறு வழி இருக்கவில்லை. அம்மாக்கண்ணுவை நெருங்கும்போது தேவியின் குரல் வந்தது. பவானி திரும்பினாள், அன்பரசனும் திரும்பினான். கலைவாணி கூப்பிட்டாள். ரங்கன் ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டு கூப்பிட்டான். யார் கையிலும் உருண்டை இல்லை, பவானி அதைப் பொருட்படுத்தவில்லை. கூப்பிட்டால் போக வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. அன்பரசனின் தொப்பி ஓரிடத்தில் விழுந்தது, ஒரு செருப்பு ஓரிடத்தில் விழுந்தது. ஷூ போட்டு வரச் சொன்ன உத்தரவை அவன் படிக்கவே இல்லை என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்தது. கடைசிச் சுற்றில் பதினோராவது வீட்டுச் சுந்தரம்மாள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட, பவானி முதலிலும் அன்பரசன் பின்னாலும், ஒரே கயிற்றில் கோட்டைத் தாண்டினார்கள்.

“பதிமூணு நிமிஷம், அம்பத்து ரெண்டு விநாடி,” என்றார் டாக்டர்.

ரேஞ்சர் சந்தேகமாகக் கேட்டார். “வெளியாள் கூப்பிடலாமா மேடம்?”

டாக்டர் விதிகள் இருந்த காகிதத்தை இரண்டு பக்கமும் படித்தார். “கூப்பிடக்கூடாதுன்னு எங்கயும் போடல,” என்று மடித்து வைத்தார்.

பவானியின் இதயத் துடிப்பு ஆறு நிமிஷத்தில் அடங்கியது. மூடி வைத்த பத்துப் பெட்டிகளை மோந்து போய், ஏழாவது பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். திறந்தால் சந்தனக்கட்டை. அன்பரசன் மண்டியிட்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். யாரும் சிரிக்கவில்லை. அம்மாக்கண்ணுகூட மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அழுது முடித்ததும் அவனுக்குப் பசி வந்தது. பானையைப் பார்த்தான். களியும் கருவாட்டுக் குழம்பும்தான், வாசனை சொல்லிவிட்டது. கையை நீட்டினான்.

அதற்குள் டாக்டர் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். “நாய், தகுதி. கையாளுபவர், நடுவில் உட்கார்ந்ததால் மூன்று மாதம் கழித்து மறுசோதனை. அதுவரை நாய் இவரிடமே.”

“இன்னா போட்ருக்குது?” என்று அம்மாக்கண்ணு கேட்டாள்.

சின்னராஜ் படித்துச் சொன்னான். அம்மாக்கண்ணு டாக்டரைப் பார்த்தாள், அன்பரசனைப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, விரல்களை விரித்து, சட்டைக்கு மேலாக அவன் விலாவில் வைத்தாள். அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். ஊரே அவள் வாயைப் பார்த்தது.

“ஒண்ணுகூட காணோம்,” என்றாள். பானையை எடுத்து மறுபடி தலையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அன்பரசன் வழக்கம்போல அத்திக்கொல்லைக்கு வந்து சேர்ந்தான். பலாமரத்தடியில் கட்டிலைக் காணவில்லை. அம்மாக்கண்ணு பவானிக்கு முன்னால் ஓர் இலையும் அவனுக்கு முன்னால் ஓர் இலையும் போட்டாள். இரண்டிலும் ஒவ்வோர் உருண்டை வைத்தாள். எலுமிச்சம்பழத்தைவிட அவனுடையது கொஞ்சம் பெரிது, நார்த்தங்காய் அளவு இருக்கும். ஒரு சொட்டுக் கருவாட்டுக் குழம்பும் இருந்தது. அவன் அதை ஒரே வாயில் போட்டு முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

“மிச்சம்?”

“தேவி வூட்ல.”

எதிர்மேட்டிலிருந்து தேவியின் குரல் நீளமாக வந்தது. முதலில் பவானியைக் கூப்பிட்டாள், அடுத்து “ஓ அன்பரசன் சாரே” என்றாள். பவானி அதற்குள் ஓடைக்கு அந்தப் பக்கம் போய், வழியில் நின்று, வருகிறானா என்று திரும்பிப் பார்த்தாள். அன்பரசன் விரலில் ஒட்டியிருந்த குழம்பை நக்கினான். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பையிலிருந்த புது ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினான்.